தொட்டிலுக்கு மேல ஒத்தைச் சூரியன்

இதெல்லாம் தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது, சொல்லுங்க. ஊர்லேருந்து வர்றவங்க டெல்லில குளிர் எப்படி, சப்பாத்தி செமிக்குதான்னு கேப்பாங்க, பதிலைக் காதுல வாங்காமலே போயிருவாங்க. நீங்க என்னடான்னா நகைக்கு டிசைன் எங்கேருந்து புடிக்கிறே, வீட்டை ஏன் கோயில் தேர் மாதிரி ஜோடிச்சு வெச்சிருக்கே, தொட்டிலுக்கு மேல சூரியன் மட்டும் ஏன் ஒத்தையாத் தொங்குதுன்னு ஒண்ணொண்ணாக் கிண்டறீங்க. வேற வேலை வெட்டி இல்லையா? அடுப்புல எதையாவது வெச்சுட்டு வந்திருந்தா போய் எறக்கிட்டு வாங்க. நான் ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த மாட்டேன்.

மொதல்ல அரக்கைப் பத்திச் சொல்லணும். நான் செய்யறது தங்க நகை இல்ல. டான்ஸ் ஆடற பொண்ணுங்க போடற நகை. தலைசாமான், கொண்டைக்கு ராக்கொடி, கைக்கு வங்கி, இடுப்புக்கு ஒட்டியாணம். தகட்டுல குழி பண்ணி, அரக்கை உருக்கி ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள செவப்புக் கெம்புக்கல்லைப் பதிக்கணும். கும்மோணத்துல எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து செஞ்சப்ப அரக்கு சொன்ன பேச்சு கேட்டுச்சு. டெல்லிக்கு வந்ததும் அதுக்குத் திமிர் வந்துருச்சு. ஜனவரில பதிச்சா கல்லு பொரி மாதிரித் தெறிச்சு விழும். ஜூன்ல பதிச்சா இறுகவே இறுகாது, அல்வா மாதிரிக் கெடக்கும். அந்த மாசத்துல பதிச்ச நகையை ஒண்ணு மேல ஒண்ணு படாம தனித்தனியாத் தொங்க விடணும். பொட்டில போட்டு மூடினா எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

வீட்டுக்காரர் போனப்புறம்தான் எம்மகன் சுந்தரம் என்னை இங்க கூட்டியாந்தான். அவன் செக்ரடேரியட்ல கிளார்க்கு. கிட்வாய் நகர்ல கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ், மாடி வீடு. வந்த புதுசுல எனக்கு இந்தில ‘அச்சா’ மட்டும்தான் தெரியும். திட்டினாலும் அச்சா, விலை கேட்டாலும் அச்சா. பேச ஆள் இல்லாம ஜன்னல் வழியாவே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்படிப் பார்த்ததுதான் டிசைன் எல்லாம். ரோட்டோரத்துல சரக்கொன்றை கொத்துக்கொத்தாத் தொங்குதில்ல, இங்க அமல்தாஸ்னு சொல்றாங்க, அதைப் பார்த்துக் காதுக்கு ஒரு மாட்டல் செஞ்சேன். மிட்டாய்க்கடைக்காரன் ஜிலேபி சுத்தறதைப் பார்த்து ராக்கொடிக்கு ஒரு சுத்து வந்துச்சு. லாரிக்குப் பின்னால வரைஞ்ச மயிலுதான் வங்கில உக்காந்திருக்கு. இங்க உள்ளவங்க அதை மதராஸி நகைங்கறாங்க. ஒரு தடவை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன், அங்க இது என்ன டெல்லி நகையான்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் நாங்க பெத்த புள்ள இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க.

அப்படி ஒரு ஜூன் மாசம்தான் மருமக வசந்தா தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தா. பொறக்கப்போற புள்ளைக்கு நானே தொட்டில் கட்டி, அதுக்கு மேல தொங்கவிட ஒரு சூரியனும் ஒரு சந்திரனும் செஞ்சேன். டான்ஸ் ஆடறப்ப தலையில ரெண்டு பக்கமும் வெப்பாங்களே, அந்த ஜோடிதான், கொஞ்சம் பெருசா. அதோட கோல் மார்க்கெட்லேருந்து ஒரு ஆபீசர் வீட்டு மாமி, மகளோட அரங்கேற்றத்துக்கு முழு செட்டும் கேட்டிருந்தாங்க. கடைசிக் கல்லை வியாழக்கிழமை சாயங்காலம்தான் பதிச்சேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலைல ஆபீஸ் போன சுந்தரம் போன வேகத்துல திரும்பி வந்தான். சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு.

“அம்மா, யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. குவார்ட்டர்ஸ்ல நகை வியாபாரம் நடக்குதுன்னு. இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. வியாபாரம்னு எழுதிட்டாருன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. கைப்புள்ளையோட வசந்தாவை நான் எங்கம்மா கொண்டுபோய் வெப்பேன்?”

“எல்லாத்தையும் டிரங்குப் பொட்டில போட்டுரு.”

சொன்னது நான்தான். சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஜூன் மாசம். அரக்கு அல்வா. பொட்டில போட்டா மாமியோட செட்டு செத்துச்சு. வெளிய வெச்சா நாங்க செத்தோம்.

அவன் நெத்தில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். நான் சுத்தியையும் கல்லு எடுக்கற சாமணத்தையும் அரிசி டின்னுக்குள்ள தள்ளினேன். அரக்கு உருக்கற கரியடுப்பு மேல டீக்கெட்டிலை வெச்சேன். அப்புறம் நகையை எடுத்தேன். ராக்கொடி முருகர் படத்துக்கு மேல. ஒட்டியாணம் ரேடியோவுக்கு இடுப்புல. வங்கி ரெண்டும் ஜன்னல் கம்பில. நெத்திச்சுட்டியும் மாட்டலும் கதவுத்திரையில வரிசையா. எல்லாம் தொங்குது, ஒண்ணோட ஒண்ணு படல.

“என்னம்மா பண்றே?” சுந்தரத்துக்கு அழுகையே வந்துருச்சு.

“வீட்டை அலங்காரம் பண்றேன். மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டுப் பேப்பர் படி.”

“படிச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்.”

“பேப்பர் தலைகீழா இருக்கு. திருப்பிப் புடி.”

இன்ஸ்பெக்டர் வந்தாரு. நல்ல உசரம், நரைச்ச மீசை. உள்ள வந்தவரு வாசல்லயே நின்னுட்டாரு. சொவத்தைப் பார்த்தாரு, ரேடியோவைப் பார்த்தாரு. ரேடியோ ஒட்டியாணம் கட்டினதை அவரு அதுக்கு முன்னால பார்த்திருக்க மாட்டாரு.

“மாஜி, யே சப் க்யா ஹை?” இதெல்லாம் என்னன்னு கேக்கறாரு.

“கர் கா சிங்கார்,” அப்படின்னேன். வீட்டுக்குச் சிங்காரம்.

விக்கிறதுக்கான்னு கேட்டாரு. நான் அச்சான்னேன். சுந்தரம் பேப்பருக்குப் பின்னால இருமினான். அப்பத்தான் கேள்வி புரிஞ்சு, நஹி நஹின்னு தலையை ஆட்டினேன். கழுத்து சுளுக்கிக்கற அளவுக்கு ஆட்டினேன்.

அவரு கதவுத்திரைகிட்டப் போய் நெத்திச்சுட்டியை ஒரு விரலால தொட்டாரு. தொடாதீங்கன்னு எப்படிச் சொல்றது? விரலை எடுத்தாரு. நடுக்கல்லு அந்த விரல்லயே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, செவப்பா அரக்கு நூல் இழுத்துக்கிட்டு. அவரு விரலைப் பார்த்தாரு. அப்புறம் மெதுவா என் கையைப் பார்த்தாரு. என் விரல் நுனி எல்லாத்துலயும் அதே செவப்பு.

“மெஹந்தி?” மருதாணியான்னு கேட்டாரு.

“ஹாங் ஜி. மெஹந்தி.”

அவரு கல்லை என் உள்ளங்கைல வெச்சாரு.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கிட்டு கோல் மார்க்கெட் மாமி உள்ள வந்தாங்க. கைப்பையை முன்னாலயே தொறந்து வெச்சுக்கிட்டு.

“ஏம்மா, இது என்ன கூத்து? என் பொண்ணு சாமி முன்னாடி போட்டுண்டு ஆடப்போற செட்டை ரேடியோக்குக் கட்டி வெச்சிருக்கேள்?”

நல்லவேளை, தமிழ். நான் சிரிச்ச முகமா, பாட்டுப் பாடற மாதிரிச் சொன்னேன்: “மாமி, பையை மூடுங்க, பின்னால நிக்கறவர் எங்களை வீட்டை விட்டுத் துரத்த வந்திருக்காரு, நான் எது குடுத்தாலும் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிக்குங்க.”

மாமி கெட்டிக்காரி. பை டப்புனு மூடிருச்சு. நான் அவங்களைப் பலகைல உக்கார வெச்சுக் குங்குமம் குடுத்தேன். பெரிய தாம்பாளத்துல வெத்திலை, பாக்கு, மஞ்சள், ஒரு வாழைப்பழம். அப்புறம் கதவுலேருந்து, ஜன்னல்லேருந்து, முருகர் தலையிலேருந்து ஒவ்வொண்ணாக் கழட்டி, கையிலிருந்த கல்லை அது எடத்துல அமுக்கி, நடுவுல வெத்திலை வெச்சு, ஒண்ணோட ஒண்ணு படாமத் தாம்பாளத்துல அடுக்கினேன். இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாலயே முழு செட்டும் டெலிவரி. மாமி கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினாங்க. “மகராசியா இரும்மா” அப்படின்னு ஒரு ஆசீர்வாதம் வேற. படி எறங்கறப்ப தாம்பாளம் நடுங்கற சத்தம் கேட்டுச்சு.

இன்ஸ்பெக்டர் கேட்டாரு, வீட்டுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு இப்படித்தான் நகை குடுப்பீங்களான்னு. வெள்ளிக்கிழமைல எங்க வழக்கம்னு சுந்தரம் இந்தில சொன்னான். அவன் சொன்ன மொதல் பொய் அது. நல்லாவே சொன்னான்.

“அப்படின்னா அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி வருவா,” அப்படின்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. சிரிச்சாரா மொறைச்சாரான்னு மீசைல தெரியல. என்ன எழுதப்போறாருன்னும் சொல்லல.

அந்த ஒரு வாரமும் சுந்தரம் பாதிச் சோத்தோட எந்திரிச்சுட்டான். நான் சின்னதா ஒரு ஜோடித் தோடு செஞ்சு தயாரா வெச்சேன்.

அந்தம்மா சொன்னபடி வந்தாங்க. ஒல்லியா, துப்பட்டாவை இழுத்து மூடிக்கிட்டு. சுண்டல் சாப்பிட்டாங்க. தாம்பாளத்துல தோட்டை வெச்சு நீட்டினேன், அவங்க அதைப் பார்க்கவே இல்ல. காலித் தொட்டிலுக்கு மேல தொங்கற சந்திரனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பிரிவினையப்ப லாகூர்லேருந்து வந்தவங்களாம். அவங்க அம்மா வீட்டுத் தொட்டில்லயும் வெள்ளில ஒரு பிறை தொங்குமாம். சுந்தரம்தான் எனக்குத் தமிழ்ல சொன்னான். கடைசியா அவங்க சொன்னதை மட்டும் அவன் சொல்றதுக்கு முன்னாலயே எனக்குப் புரிஞ்சுது.

“நீங்க நெனச்சா ஊருக்கு ரயில் ஏறிடலாம், மாஜி. எங்களால முடியாது.”

நான் ஸ்டூல் மேல ஏறிச் சந்திரனை அவுத்து அவங்க கைல குடுத்தேன். தோடு தாம்பாளத்துலயே கெடந்துச்சு, அவங்க தொடல. இதுக்கு லஞ்சம்னு பேர் வைக்கறவங்க வெச்சுக்குங்க. எனக்கு அப்ப வீடு ஞாபகமே இல்ல. சத்தியமா. சரி, கொஞ்சம் இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு, புகார்ல ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுட்டாங்கன்னு சுந்தரம் வந்து சொன்னான். சொல்லிட்டு ரெண்டு தட்டு சோறு தின்னான். வசந்தா பொம்பளைப் புள்ளையோட இந்த வீட்டுக்கே வந்து எறங்கினா. அதுக்கப்புறம் நான் செய்யற நகை எதையும் பொட்டில வெக்கறதே இல்ல, எல்லாம் வீட்டுச் சிங்காரம்தான்.

புள்ளையைப் பார்க்க அக்கம்பக்கம் மொத்தமும் வந்துச்சு, எல்லாம் எங்களை மாதிரி ஊரை விட்டு வந்தவங்க. போட்டுக் குடுத்த மகராசியும் அதுல இருந்திருப்பா, அவளுக்கும் சேர்த்துத்தான் சர்க்கரை குடுத்தேன். எல்லார் கண்ணும் தொட்டிலுக்கு மேல. சூரியன் இருக்கு, சந்திரன் எங்கன்னு கேட்டாங்க.

“அதுக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. பஞ்சாபிக்காரங்க வீட்ல போஸ்டிங். நல்ல குவார்ட்டர்ஸாம்.”

எப்பத் திரும்பி வரும்னு கேட்டாங்க.

“நாம எப்ப ஊருக்குத் திரும்பறமோ, அப்ப,” அப்படின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் தொட்டிலை ஆட்டிவிட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.