கலர் சொல்லும் உத்தியோகம்

டீசல் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மல்லிகை பிடிக்கும், பில்டர் காபி பிடிக்கும் என்றால் சரி. டீசலா என்கிறாள் மனைவி. என்ன செய்ய, மூக்கு நம்மைக் கேட்டுக்கொண்டா பழகுகிறது?

போன வாரம் அந்த மூக்குக்குத் திருவிழா. அமீரகத்தில் பயணிகள் ரயில் வருகிறது அல்லவா? அதன் ஒரு ஸ்டேஷனுக்கு ஏசி குழாய் வரைபடம் போடுகிற கம்பெனியில்தான் இருக்கிறேன். சைட்டைப் பார்க்கப் போனவன் ஹெல்மெட்டும் பச்சைச் சட்டையுமாக நடைமேடையில் நின்றிருந்தேன். சோதனை ஓட்டத்துக்கு வந்த ரயில் ஒன்று மெதுவாக உள்ளே நுழைந்து என் எதிரிலேயே நின்றது. பளபளவென்று புதுசு. ஆனால் உள்ளே எங்கோ டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது, காலடியில் கான்கிரீட் லேசாக அதிர்கிறது, அந்த வாசனை வருகிறது. நம்பினால் நம்புங்கள், என் கை தானாக வாய்க்கருகே போனது, "பச்சை" என்று கத்தத் தயாரானேன். நல்லவேளை, கூட இருந்த இன்ஜினியர் தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் பச்சை என்கிறீர்களா? நான் ஒரு காலத்தில் ரயிலில் அசிஸ்டெண்ட் டிரைவர். இங்கிலாந்தில், இரண்டே பெட்டிகள் உள்ள டீசல் பாசஞ்சரில், வெள்ளிக்கிழமைதோறும். ஓடிய இடம் மட்டும் கத்தாரில் தோஹா, நஜ்மா ஏரியாவில் எங்கள் ரூம்.

அப்போது அந்த ஊரில் ரயில் என்ற பேச்சே கிடையாது. பழைய வில்லா ஒன்றைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடியில் ஓர் அறை எங்களுக்கு. அடுக்குக் கட்டில்கள், ஒரு ஜன்னல் ஏசி, கதவுக்குப் பின்னால் ஆணியில் எல்லாருடைய டூட்டி உடுப்புகள். அறையில் முருகேசன் என்று ஒருவன் இருந்தான். விழுப்புரத்துக்காரன், ஏசி மெக்கானிக். நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார டீச்சர் வீட்டுக்கு சர்வீசுக்குப் போனவன், அவர்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அதோடு ஒரு சிடியும் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே மலையோரக் கிராமங்களுக்கு நடுவே ஓடும் சின்ன ரயிலை நாமே ஓட்டுகிற விளையாட்டு.

முதல் நாள் அந்த ரயிலைப் பார்த்ததும் எல்லாரும் சிரித்துவிட்டோம். பஸ்ஸின் உடம்பை எடுத்து ரயில் சக்கரத்தின்மேல் உட்கார வைத்த மாதிரி இருந்தது. "இது நம்ம டவுன் பஸ்ஸுப்பு," என்றார் செல்வராஜ் அண்ணன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காரைக்குடியில் பிரைவேட் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஜெனரேட்டர் கம்பெனியில் வேலைக்கு வந்தவர். அந்த ரயிலிலும் கார்டு இரண்டு மணி அடித்தால் போகலாம், ஒரு மணி அடித்தால் நிற்கணும் என்று தெரிந்ததும் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. நம்மூர் பஸ் விசிலும் அதேதானே? ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் விசிலையும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். எதற்கு என்று கேட்டால், "கெடக்கட்டும்ப்பு."

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் எங்கள் ரயிலில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஜன்னல் ஏசி ஏற்கெனவே தடதடவென்று அதிரும். முருகேசன் அதில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டான்; கட்டிலே அதிர்ந்தது. சீட்டுக்கடியில் இன்ஜின் ஓடுகிற ரயில் அப்படித்தான் இருக்கும் என்றான். வாசனைக்கு செல்வராஜ் அண்ணனின் டூட்டி உடுப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் அதில் டீசல் போகாது. மற்ற நாளெல்லாம் அதை வெளியே தொங்கவிடச் சொல்லிச் சண்டை போடுவோம், வெள்ளிக்கிழமை மட்டும் உள்ளே கொண்டுவந்து மாட்டுவோம்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் விசில் இரண்டு முறை ஊதும். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். கட்டிலெல்லாம் பெர்த். பரமக்குடி பாண்டி, பாலில்லாத சுலைமானி டீ டம்ளர்களோடு, "சாயா, சாயா" என்று கட்டில்களுக்கு நடுவே வருவான். திரையில் மழை பெய்யும். அடடா, அந்த மழை! வெளியே வெயில் கொளுத்தும்போது நாங்கள் கண்ணாடியில் வழியும் துளிகளைப் பார்த்து வாய்பிளந்து உட்கார்ந்திருப்போம். ஆடுகள் மேயும் மேடு வந்தால் பாண்டிக்கு மட்டும் மறுபடி பசிக்கும். மரத்திலிருந்து இலை விழுந்து தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டால் சக்கரம் வழுக்கும் என்று முருகேசன் விளக்கியபோது அவன் கேட்டான்: "ரயில் வழுக்குற அளவுக்கா? என்னா எலைண்ணே, வாழ எலையா?"

ஸ்டேஷன் பெயர்கள் எதுவும் எங்கள் நாக்குக்குள் அடங்கவில்லை. எனவே பங்கு போட்டுக்கொண்டோம். வாய்க்காலோரம் இருந்தது பரமக்குடி. "எங்கூர்ல தண்ணி ஓடுதுண்ணே," என்று பாண்டி ஒவ்வொரு வாரமும் எழுந்து நின்று பார்ப்பான். கல் வீடுகள் சூழ இருந்தது காரைக்குடி. எனக்குத் திருச்சி. எவ்வளவு பெரிய ஜங்ஷன்! குலுக்கலில் எனக்கு விழுந்ததோ, யாராவது கையைக் காட்டினால் மட்டும் ரயில் நிற்கிற, ஒரு விளக்குக் கம்பமும் ஒரு பெஞ்சும் உள்ள இடம். திருச்சி வரும்போதெல்லாம் நான் கட்டிலிலிருந்து கையை நீட்டிக் காட்டவேண்டும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசி ஸ்டேஷன் விழுப்புரம். அதை யாரும் கேட்கவில்லை. அது முருகேசனுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் விழுப்புரம் வரவே இல்லை. வழியில் சிவப்பைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, திரை கறுத்துவிடும். எங்கள் வண்டி ஒவ்வொரு வாரமும் எங்கேயாவது சிவப்பைத் தாண்டியது.

காரணம் எனக்குத் தெரியும். முருகேசன் ரயில்வேயில் டிரைவர் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன். மெடிக்கலில் ஒரு படத்தை நீட்டினார்களாம். நிறைய வண்ணப் புள்ளிகள்; அதற்குள் ஒரு நம்பர் ஒளிந்திருக்கும், சொல்லவேண்டும். "எனக்கு முன்னாடி நின்னவன் பட்டுனு நம்பர் சொல்றான்டா. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சிச்சு," என்று தண்ணீர்த் தொட்டியடியில் ஒருநாள் என்னிடம் சொன்னான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும். வேலை போயிற்று, விழுப்புரம் போயிற்று, ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டான். ரூமில் யாருக்கும் சொல்லாதே என்றான்.

மற்றவர்களிடம் வேறு கதை சொல்லியிருந்தான். நம்மூர் ரயிலில் டிரைவருக்குப் பக்கத்தில் அசிஸ்டெண்ட் உட்கார்ந்து சிக்னலைச் சத்தமாகச் சொல்லவேண்டும், டிரைவர் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் சட்டம். அது உண்மைதான். ஆகவே எனக்கு அந்தப் பதவி. "பச்சை" என்பேன். "பச்சை" என்பான். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பாக இருக்கும், வேகத்தைக் குறைப்பான். பிரச்சினை என்னவென்றால், நான் ஒரு மோசமான அசிஸ்டெண்ட். ஆட்டைப் பார்ப்பேன், மழையைப் பார்ப்பேன், சாயாவை வாங்குவேன். அதற்குள் சிவப்பு போயிருக்கும். முருகேசன் ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. "வுடுடா, அடுத்த வாரம் போலாம்," என்பான்.

ஒருநாள் அடுத்த வாரம் இல்லை என்று ஆகிவிட்டது. வில்லாவை இடிக்கப் போகிறார்கள், சனிக்கிழமை காலி செய்யவேண்டும், கலாஸ், கதை முடிந்தது. ஆளுக்கொரு கேம்ப். கம்ப்யூட்டரை வைக்க எந்த கேம்பிலும் இடமில்லை. கடைசி வெள்ளிக்கிழமை எப்படியும் விழுப்புரம் போய்விடுவது என்று முடிவு செய்தோம். ஆடே பார்ப்பதில்லை என்று நான் சத்தியம்கூடச் செய்தேன். அன்றைக்குப் பார்த்து, சைட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மணி நேர வேலை என்ற சூப்பர்வைசர், மதியத்துக்கு மேலும் "யல்லா பாய், ஜல்தி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் மனமெல்லாம் ரூமில் இருந்தது. கலர் சொல்ல ஆளில்லாமல் முருகேசன் என்ன செய்வான்? எல்லார் முன்னாலும் குட்டு உடைந்துவிடுமே?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நஜ்மா தெருவில் ஓடினேன் பாருங்கள், மலையாளி டீக்கடை சேட்டன் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். படியேறும்போதே ஏசி இன்ஜின் அதிர்வது கேட்டது. அதற்குமேல் ஒரு கூட்டுக்குரல்.

"ஒத்த மஞ்சள்."

"ஒத்த மஞ்சள்," இது முருகேசன்.

கதவைத் திறந்தால், ஒருவன் பாக்கியில்லாமல் கட்டில்களிலிருந்து கழுத்தை நீட்டி, கண்கொட்டாமல் திரையைப் பார்த்தபடி கலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாண்டி சாயாவே போடவில்லை. எனக்குப் பொறாமை வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

செல்வராஜ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாப்பு அசிஸ்டெண்டு. நீ பாட்டுக்கு டூட்டிக்குப் போயிட்டா வண்டி நின்னுருமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு எப்பவோ தெரியும்ப்பா. அவன் சமையல் வாரம் பூரா பச்சத் தக்காளிக் கொழம்புதானே திங்கிறோம். பழுத்தது எதுன்னு தெரிஞ்சா வாங்க மாட்டானா?"

முருகேசன் திரும்பவில்லை. ஆனால் அவன் காது சிரித்துக்கொண்டிருந்தது. காது சிரிக்குமா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன்.

திருச்சியில் கையைக் காட்டினேன், நிறுத்தினான். பரமக்குடியில் தண்ணீர் ஓடியது, பாண்டிகூட எழுந்திருக்கவில்லை. காரைக்குடி தாண்டியது. அதற்கப்பால் நாங்கள் யாருமே பார்த்திராத வழி. ஒரு குகை, ஒரு பாலம், தூரத்தில் மழைக்குள் மங்கலாக ஓர் ஊர். ஊருக்கு வெளியே கடைசி சிக்னல்.

"செவப்பு," என்றார்கள் எல்லாரும்.

"செவப்பு." நிறுத்தினான். நின்றோம். ஏசி மட்டும் அதிர்ந்தது. அப்புறம் சிக்னல் மாறியது. எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இன்னாடா கலரு?" என்றான் முருகேசன்.

"பச்சை," என்றேன். "பச்சைடா முருகேசா. போ."

"பச்சை," என்றான்.

நடைமேடையின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு குலுங்கல்கூட இல்லாமல் வண்டியை நிறுத்தினான். அண்ணன் நீளமாக ஒரு விசில் ஊதினார். பாண்டி, "விழுப்புரம் எறங்குறவங்கல்லாம் எறங்குங்க," என்றான். முருகேசன் எழுந்து ஏசியை அணைத்துவிட்டு, டூல் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அந்தத் தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்க முடுக்கினான். மறுநாள் இடிக்கக் கொடுக்கப்போகிற வீட்டில்.

அந்த வில்லா இருந்த தெருவே இப்போது இல்லை. செல்வராஜ் அண்ணன் ஊர் திரும்பிவிட்டார், பாண்டியின் நம்பர் மாறிவிட்டது. பஸ் உடம்பு ரயில்களையும் இங்கிலாந்தில் ஓரங்கட்டி உடைத்துவிட்டார்களாம். பயணிகளுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாதாம். அவர்கள் எங்கள் ரூமில் ஏறியிருக்கவேண்டும்.

போன வாரம் அந்தப் புது ரயிலின் முன்பக்கம் போய் நின்று, சிக்னல் கம்பத்தைத் தேடினேன். கண்ணுக்கு எட்டியவரை மணலும் தண்டவாளமும்தான். இன்ஜினியர் தம்பி சிரித்தான். "கம்பமே கிடையாது சார். எல்லாம் உள்ளே ஸ்கிரீன்ல வந்துடும்." டிரைவர் கேபின் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்க்க விட்டார்கள். பார்த்துவிட்டு இறங்கியதும் குவைத்துக்குப் போன் போட்டேன். முருகேசன் மங்காஃபில் ஒரு கட்டடத்தின் ஏசி பிளான்டைப் பார்த்துக்கொள்கிறான். பின்னால் மெஷின் இரைச்சல்.

"டேய், இங்க ரயில் வந்துடுச்சு. டீசல்தான். ஆனா சிக்னலே இல்லடா. பச்சை, மஞ்சள், சிவப்பு ஒண்ணும் கிடையாது. எவ்வளவு வேகத்துல போகணும்னு டிரைவருக்கு எதிர்ல நம்பர் வருது, அவ்வளவுதான்."

"அப்ப உன் வேல போச்சா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

"டேய்," என்றான். "அந்த நம்பரு, புள்ளி புள்ளியா இல்லயே?"

"இல்லடா. பெருசா, தெளிவா இருக்கு."

"இன்னா கலரு?"

"வெள்ளை," என்றேன்.

"வெள்ளை," என்றான் முருகேசன்.