தலைப்பிரசவத்துக்கு வாங்கிய விடுமுறை

இலங்கைத் தோட்ட ஊழியத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆனபோது எங்களுக்கு ஆறு வாரம் விடுமுறை கிடைத்தது. கேட்டவுடன் கிடைத்ததல்ல. மூன்று முறை கெஞ்சிக் கிடைத்தது. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது எட்டாம் மாதம் முடிந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாதம் செய்யாத விஷயம். பெண்ணின் அம்மா பலகாரத்தோடு போய் அழைத்து வர வேண்டும். பேறு பார்த்து, மருந்து கொடுத்து, தேற்றி, பிள்ளையோடு திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். வேறு எதற்காகவும் அல்ல.

நாங்கள் அங்கே போன கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் சபைகளே தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று, பல சபைகள் சேர்ந்த சேகரத்தில் தீர்மானம் போட்டார்கள். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் யாரும் முன்வரவில்லை. என் கணவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவள். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் எங்கள் கடமை முடிந்துவிட்டது என்று சேகரக் கமிட்டி முடிவு செய்தது. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் ஒரு தாய்க்குப் பாதி வேலை தொடங்குகிறது என்பதைச் சொல்ல அந்தக் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை.

பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு எல்லாம் புதிதாக வந்திருந்த காலம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் பெட்டிகளைத் திறந்து காட்டி, மறுபடி கட்டி, ரயிலில் திருநெல்வேலி வந்து, பஸ்ஸில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாளே வீட்டைக் கழுவினேன். பழைய வேட்டிகளை வேகவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்கினேன். மருத்துவச்சியிடம் சொல்லி வைத்தேன். முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டு எடுத்துக்கொண்டு, இராஜாக்கமங்கலம் பக்கத்திலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மகளை அழைத்து வந்தேன்.

"அக்கரைக்குப் போன ஆளு வருமா வராதாண்ணு பாத்துக்கிட்டே இருந்தேன் மைனி" என்றாள் சம்பந்தகாரி, மாப்பிள்ளையின் அம்மா. "இல்லண்ணா நானே பாத்திருப்பேன்."

"அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். அக்கரைச் செய்தி கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சபையில பெண்கள் எல்லாரும் உங்களப் பாக்கணும்ணு சொல்லுகாவ. அவங்க பிடியரிசிதான உங்கள அங்க தாங்குது? ஒரு நாலு சபைக்குப் போயி ரெண்டு வார்த்த பேசினாப் போதும்."

பிடியரிசி என்பது வேறொன்றுமில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை விற்றுத்தான் எங்களுக்கு அனுப்பினார்கள். நானும் கல்யாணமான நாள் முதல் போட்டவள்தான். அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் நான் போட்ட அரிசி எங்கே போகிறது என்று பார்க்க ஒருநாளும் யாரையும் பேறுகால வீட்டிலிருந்து கூப்பிட்டதில்லை.

"மகளுக்கு நிறைமாசம் ஐயா. நான் பேறு பாக்க வந்தவ" என்றேன்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்குல்லா?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் சொல்லிவிட்டார்: "காலம்பற போனா அந்திக்கு வந்திரலாம் ஐயா. அதுக்கென்ன?"

போதகர்கள் கேட்ட எதற்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. வீட்டில் மட்டும் அந்தச் சொல் அவருக்குச் சரளமாக வரும்.

நாலு சபை என்றது ஏழாயிற்று, பிறகு பதினொன்றாயிற்று. ஒரு சபைக்குப் போனால் அடுத்த சபைக்காரர்கள் அங்கேயே வந்து நின்றார்கள். அக்கரையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எழுந்தேன். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுப்பதைச் சொன்னேன். பக்கத்தில் தாய் இல்லாமல் பிள்ளை பெறும் பெண்களைச் சொன்னேன். அவர்களில் ஐந்து பேருக்கு நானே பேறு பார்த்திருந்தேன். பேசி முடித்ததும் கேள்வி வந்தது.

"அங்க அட்ட கடிக்குமாமே டீச்சர்?"

"தேயில ஒரு பொட்டலம் கொண்டு வரல்லியா?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "குளுகுளுண்ணு மலை மேல உக்காத்தி வச்சிருக்கோம். கொள்ளாம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். உன் மகள் எப்படி இருக்கிறாள் என்று நான் போன பத்துச் சபையிலும் ஒருவர் கேட்டதில்லை.

ஒவ்வொரு மாலையும் நான் திரும்பி வரும்போது மகள் வாசலில் நிற்பாள். கால் வீங்கியிருக்கும். பகலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவளுக்கும் வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது.

கடைசிக்கு முந்திய கூட்டம் திருவட்டாறு பக்கத்தில் ஒரு சபையில். பெண்கள் பண்டிகை. பேச்சு மட்டும் போதாது, தோட்டத்தில் கொழுந்து எப்படிக் கிள்ளுகிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றார்கள். ஒரு கூடையில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். மேடையில் செம்பருத்திக் கொப்புகளை நட்டு வைத்திருந்தார்கள். நான் மறுத்தேன். "பிள்ளைகளுக்கு ஆசையா இருக்கும்லா" என்று என் கணவர் காதில் சொன்னார். கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இருபத்தைந்து வருடம் கரும்பலகை முன் நின்றவள் செம்பருத்தி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டேன்.

"ஏட்டி, அங்க பாரு, டீச்சரு கூடைய சுமக்கா!" என்று ஒருத்தி உரக்கச் சொன்னாள். கை தட்டினார்கள். இன்னொரு தடவை என்றார்கள்.

அந்திக்கு வீடு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சாவியோடு வந்தாள். முகத்தை நேராகக் காட்டவில்லை.

"நான் துணி அலசப் போயிருந்தேன் டீச்சர். பிள்ளைக்கு முதுகு வலிச்சிருக்கு. அந்த நேரம் பாத்து சம்பந்தகாரி வந்தா. வீட்டுல ஒரு ஆளில்ல. வில்வண்டியில ஏத்திட்டுப் போயிட்டா."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். சம்பந்தகாரி முற்றத்தில் தேங்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மைனி. இன்னைக்கு கூட்டம் ஒண்ணும் இல்லியா?"

"வண்டியப் பூட்டச் சொல்லுங்க. பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"நிறைமாசக்காரிய அங்கயும் இங்கயும் உருட்டப்படாது. வலி கண்டா வழியிலயா பெத்துப் போடுவா?" காகத்தை விரட்டிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "ஊருல உள்ளவளுக்கெல்லாம் பேறு பாக்க நீங்க போனிய. உங்க பிள்ளைக்கு நான் பாக்கேன். இருக்கட்டும்."

அவள் சொன்னதில் பாதி நியாயம். ஒரு சொல் சொல்லி அனுப்பாமல் என் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தது நியாயமில்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரல்லண்ணு சொன்னேம்மா. அத்தை கேக்கல்ல."

வெளியே வந்தால் என் கணவர், "நாளைக்கு பத்மநாபபுரத்துல கூட்டம். பந்தல் போட்டாச்சுண்ணு போதகர் சொன்னாரு" என்றார்.

"போங்க. இந்தத் தடவ கூடைய நீங்க மாட்டுங்க."

சம்பந்தகாரி சிரித்துவிட்டாள். அவர் போகத்தான் செய்தார். திரும்பி வந்து கூட்டம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

பெண் கொடுத்த வீட்டில் சாப்பிட்டு எழலாம், பாய் விரித்துப் படுப்பது வழக்கமில்லை. நான் படுத்தேன். உப்புச் சாடி எங்கே என்று கேட்டேன். வெந்நீர் வைக்க அனுமதி கேட்டேன். பேறுகால மருந்துக்கு நான் கருப்பட்டியைக் குறைத்துப் போடுவேன், அவர்கள் கூட்டிப் போடுவார்கள். அவர்கள் முறைப்படியே கிண்டினேன். வேகவைத்து மடித்த என் துணிகளை ஆள் அனுப்பி எடுத்து வந்தபோது, "இங்கன துணி இல்லாமலா?" என்று கேட்டு சம்பந்தகாரி அப்படியே பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. மகளின் முதுகைத் தாங்கியது நான். அவர்கள் அழைத்திருந்த மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துச் சம்பந்தகாரி கையில் கொடுத்தாள். அது அவள் வீடு, அவள் கூப்பிட்ட மருத்துவச்சி. அதன்பின் தினமும் அவள் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் மட்டும் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று நான் குளிப்பாட்டினேன். மறுநாளே அவளுக்குச் சரியாகிவிட்டது.

போதகரிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்டேன், ஞானஸ்நானம் வரைக்காவது. "சீட்டில போட்ட நாளுக்குள்ள அக்கரை சேரணும். அது நம்ம கையில இல்லியே அம்மா" என்றார். பதினொரு கூட்டம் மட்டும் அவர் கையில் இருந்தது.

புறப்பட்ட அன்று மகள் தலையில் துண்டு கட்டி, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சம்பந்தகாரி அடுக்களையில் இருந்தாள்.

"அடுத்த பிள்ளைக்கு வருவியளாம்மா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்தது எப்படியும் இங்கனதான மக்களே. முதப் பேறு மட்டும்தான் அம்மைக்கு."

மகள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அப்பம் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் கணவர் வாசலிலிருந்து கூப்பிட்டார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். இரண்டாம் முறை அவர் கூப்பிட்டபோதும் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை சம்பந்தகாரி வந்து கையை நீட்டினாள்.