‘எதிர் மேசை’ எடுத்த தணிகாசலம்

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. கோவிந்தண்ணன். “எஸ்தரு, அவுரு போய்ட்டாரும்மா. காபி கேட்டாரு. போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள போய்ட்டாரு.” மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உத்திரமேரூருக்கு அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

போனவர் தணிகாசலம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு, கல்யாண மேடையில் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தால் “தாயி, தரையில இன்னா கீது? இங்க பாரு” என்று சிரிக்க வைக்கும் அந்தக் குரல் நினைவிருக்கும். தெரியாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆணும் ஆணும் காதலிக்கும் ஒரு படத்தை, எண்பதுகளில், இந்த ஊரில், கல்யாணத்துக்கு எடுக்கும் வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு அவர் எடுத்தார். அதில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமை.

பழையசீவரத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. நெகட்டிவில் புள்ளி அடைத்து டச்சப் செய்யும் வேலைக்கு என்னை ஸ்டுடியோவில் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர், தண்ணீர் கேட்டுவிட்டு நான் நீட்டிய டம்ளரை வாங்கத் தயங்கினார். தணிகாசலம் அண்ணன் எழுந்து வந்து அதை வாங்கித் தாமே குடித்துவிட்டு, “உங்களுக்குத் தாகம் இல்ல போலக்கீதுங்க” என்றார். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் ‘எதிர் மேசை’. ஓர் அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு குமாஸ்தாக்கள். ஹெட் கிளார்க் வேலை யாருக்கு என்று போட்டி. ஒருவர் ஸ்டாம்ப் பேடை ஒளித்துவைப்பார், இன்னொருவர் மேனேஜரிடம் கோள் சொல்வார். இருவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்ததும், மற்றவர் யாருக்கும் தெரியாமல் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்வார். கடைசியில் இருவருக்கும் தங்கள் மனம் புரிந்துவிடும். கதையைச் சொல்லிவிட்டு, “இன்னா எஸ்தரு, எடுக்கலாமா?” என்று கேட்டார். “ஊர்ல ஒதைப்பாங்கண்ணே” என்றேன். “ஒதைக்கறதுக்குள்ள எடுத்துடலாம்” என்றார்.

ரைஸ் மில் ஆபீசை அதன் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுத்தார். அலுவலகச் சண்டைப் படம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கதை. அங்கே கணக்கெழுதிய கோவிந்தன் ஒரு குமாஸ்தாவாகவும், ஊர் நாடகங்களில் நடித்துவந்த சம்பத் இன்னொருவராகவும் நடித்தார்கள். சிகரெட் பெட்டியிலிருக்கும் வெள்ளித்தாளை அட்டையில் ஒட்டி வெளிச்சத்தைத் திருப்பினோம். மழைக்கு நான் கூரைமேல் ஏறிப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். பஸ் ஹாரன் அடித்தால் வசனத்தை முதலிலிருந்து பேச வேண்டும். கரைந்துகொண்டே இருந்த ஒரு காக்கை ஓய்வதற்காக அரை நாள் காத்திருந்தோம்.

கடைசிக் காட்சிக்கு முன்பு சம்பத் வந்து தலைகுனிந்து நின்றார். “பொண்ணு வூட்ல கேள்விப்பட்டு பேஜார் பண்றாங்கண்ணே. என்னால முடியாது.” தணிகாசலம் அண்ணன் கோபிக்கவில்லை. “போப்பா, நல்லபடியா கல்யாணம் பண்ணிக்கோ. நானே வந்து போட்டோ எடுக்கறேன்” என்று தோளில் தட்டி அனுப்பினார். பிறகு சம்பத்தின் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகுத் தையல் விட்டுப்போக, ஊசி குத்திச் சரிசெய்தேன். “மொகம் தெரியாம முதுகப் பாத்து எடு” என்று கேமராவை என் தோளில் வைத்தார்.

அவர் பேச ஆரம்பித்தார். “உன்ன தோக்கடிக்கத்தான் தெனம் ஆபீஸுக்கு வரேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ வராத அன்னிக்கித்தான் தெரிஞ்சிது. உன்ன பாக்கத்தான் வந்துக்கினு இருந்தேன்.” எழுதியிருந்த வசனம் இதுவல்ல. ஒத்திகை முழுவதும் கேட்டவள் நான். கோவிந்தண்ணனும் தம் வசனத்தைச் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தெரியும். எப்பவோ தெரியும்” என்றார். கேமராவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அதை அப்படியேதான் படத்தில் வைத்தோம்.

டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். ஸ்டாம்ப் பேட் காட்சிக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் மண்டபம் அடங்கிப்போனது. சிலர் எழுந்து போனார்கள், ஒருவன் விசில் அடித்தான். அப்போது கீரை விற்கும் அம்மா ஒருவர் உரக்கக் கேட்டார்: “ஏம்பா, அந்த வேல யாருக்குத்தான் கெடச்சிது?” அதைச் சொல்ல நாங்கள் மறந்தே போயிருந்தோம்! “அந்தம்மா ஒருத்திதான் படத்த ஒழுங்கா பாத்துது” என்று அண்ணன் பல வருடம் சொல்லிச் சிரித்தார்.

மில் முதலாளி மறுநாளே ஸ்டுடியோவுக்கு வந்தார். “படம் நல்லாத்தான் கீது. அந்தக் கடைசிய மட்டும் வெட்டிடு. சிநேகிதமாய்ட்டாங்கன்னு முடி. ஊர்ல ஒரு கல்யாணம்கூட உன்ன வுட்டுப் போவாது.”

“அப்போ அது வேற படம் மொதலாளி. அத வேற யாராவது எடுக்கட்டும்.”

கல்யாண ஆர்டர்கள் நின்றுபோயின. கோவிந்தண்ணனுக்கு மில் வேலை போனது. தணிகாசலம் அண்ணன் சைக்கிளில் ஐயங்கார்குளம், தாமல் என்று ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் படம் எடுத்தார். அந்தக் கஷ்டத்திலும் பெயின்டரை அழைத்து, ஸ்டுடியோ பலகையில் தம் பெயருக்குப் பக்கத்தில் கோவிந்தன் பெயரையும் எழுதச் சொன்னார். மாடி அறையில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். உங்களுக்குள் என்ன உறவு என்று யாராவது கேட்டால், “போர்டுல போட்டுக்கீதே, படிக்கத் தெரியாதா?” என்பார்.

நிலைமையை மாற்றியவர் சம்பத். தம் கல்யாணத்துக்கு வேறு போட்டோக்காரரைப் பெண் வீட்டார் பேசிவைத்திருந்தார்கள். “தணிகாசலம் அண்ணன் வந்தாத்தான் மணையில குந்துவேன்” என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அண்ணன் போனார், எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு அவரை ஒதுக்கியவர்களே ஒவ்வொருவராக வந்து தேதி கேட்டார்கள். வந்தவர்களிடம் அவர் பழையதைப் பேசவே இல்லை. படத்தின் முடிவையும் கடைசிவரை மாற்றவில்லை.

அவர் போன அன்று மாலை பாடையை எடுக்கும்போது, தாமலிலிருந்து வந்த, தணிகாசலம் அண்ணனுடைய தமையன் மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூப்பிட்டார்கள். அந்தப் பையனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நெருப்புச் சட்டியை வாங்கியவர், ஓரமாக நின்ற கோவிந்தண்ணனிடம் போனார்.

“சித்தப்பா, நீங்கதான் தூக்கணும்.”

“அது எப்பிடிப்பா? இவுரு இன்னா ஒறவு?” என்றார் ஒரு பெரியவர்.

“எனக்கு ரெண்டு சித்தப்பாங்க. ஒருத்தரு போய்ட்டாரு, இவுருதான் மிச்சம்.”

பெரியவர் விலகி வழிவிட்டார். கோவிந்தண்ணன் சட்டியை வாங்கிக்கொண்டு, ஈர வேட்டியுடன் பாடைக்கு முன்னால் நடந்தார். கடைக்காரர்கள் இறங்கி வந்து தெருவோரம் நின்றார்கள். அவர் நடை தளரவில்லை. தலை நிமிர்ந்தே இருந்தது.

அண்ணே, நிம்மதியாகப் போங்கள். கோவிந்தண்ணனுக்கு நாங்கள் இருக்கிறோம்.