ஒலிபுகா அறையில் அக்கா

அவள் தன் அக்காவை ஒலிபுகா அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறாள் என்று ஆய்வுக்கூடக் காவலாளி சொன்னதாகப் பல்கலைக்கழகக் கேன்டீனில் ஒரு பேச்சு. கதவு திறக்கும்போதெல்லாம் அதே பெண்குரல் கேட்கிறதாம்.

குரல் அக்காவுடையதுதான். இரைச்சலுக்கு நடுவே பேச்சை மூளை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. சோதனைக்கான வாக்கியங்களை, விடுமுறைக்கு வந்திருந்த அக்காதான் சிரித்துச் சிரித்துப் படித்துப் பதிவு செய்து கொடுத்தாள். போன மாதம் ஊரில் அக்காவுக்குப் பக்கவாதம். காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதுதான் புரிவதில்லை.

தினமும் வீடியோ காலில் கூப்பிட்டு, "அக்கா, ஜன்னலைக் காட்டு. இப்ப கதவைக் காட்டு" என்பாள். அக்கா அழத் தொடங்கிவிடுவாள்.

நேற்று அத்தான் போனைப் பிடுங்கிக்கொண்டார். "டாக்டரம்மா, இங்க ஏற்கெனவே நாலு டாக்டர் இருக்காங்க. தங்கச்சிதான் ஒருத்தியும் இல்ல."

"எவ்வளவு புரியுதுன்னு தெரிய வேண்டாமா அத்தான்?"

"புரியலைன்னு அவளுக்கே தெரியுது, அதான் அழறா. நீ சும்மா வம்பளந்துக்கிட்டு இரு. உன் குரல் கேட்டா போதும், தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. சொல் புரியாதவர்களுக்கும் குரலின் ஏற்ற இறக்கம் எட்டக்கூடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

இன்று எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று தீர்மானித்தாள். தன் குடையை அக்கா தொலைத்த பழைய சண்டையை இழுக்கலாம், மேல்வீட்டுக்காரியைக் கேலி செய்யலாம். அத்தானின் எண்ணை அழுத்தினாள். வழக்கமாக உடனே எடுத்துவிடுபவர், நேற்றைய கோபமோ என்னவோ, இன்று எடுக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.