குச்சி மேல் ஒரு பிராது

ஆதிலட்சுமியின் இடது கையில், முழங்கைக்கு மேலே தோலுக்கடியில், தீக்குச்சி அளவில் ஒரு குச்சி இருக்கிறது. தடவினால்தான் தெரியும். ஆனால் தெருவுக்கே தெரியும். உபயம், மாமியார் கொளஞ்சியம்மாள்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை ஆதிலட்சுமிக்கு. இரண்டும் பெண் குழந்தைகள். சின்னவளைப் பெற்றபோது உயிர் போய்த் திரும்பி வந்தது. இன்னொரு பிரசவம் வேண்டவே வேண்டாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இந்தக் கருத்தடைக் குச்சியை வைத்துக்கொண்டாள்.

"மூணு வருசத்துக்குக் கவலையில்லம்மா. பீரியட்ஸ் மட்டும் முன்னபின்ன வரும், கொஞ்சங்கொஞ்சமா ரத்தம் படும். வேணாம்னா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று நர்சு அன்றே சொல்லியிருந்தாள்.

சொன்னது சொன்னபடி நடந்தது. நின்றுவிட்டதென்று தலைக்குக் குளித்தால் மறுபடி எட்டிப் பார்க்கும். தீட்டென்றால் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்பது கொளஞ்சியம்மாள் போட்ட சட்டம். சட்டம் போட்டவளே கரண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, காலை நீட்டி டிவி பார்ப்பது ஆதிலட்சுமிக்கு முதலில் இனிக்கத்தான் செய்தது. போகப்போக அவளுக்கே சலித்தது. எடுத்துவிடலாமா என்று நர்சிடம் போனாள். உடம்பில் ரத்தம் குறையவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, முடிவு உன்னுடையது என்றாள் நர்சு. பிரசவ அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. குச்சியோடு திரும்பிவிட்டாள்.

மாமியார் விடுவதாயில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் சாமியே வழக்கை விசாரிப்பார். எழுதத் தெரியாத கொளஞ்சியம்மாள் ஒரு கையில் கரண்டியோடு, பேனாவை மருமகளிடமே நீட்டினாள்.

"குச்சி மேல பிராது கட்டப்போறேன். எழுதுடி."

"என்னன்னு எழுதறது அத்தே?"

"இதால நான் அடுப்புல வெந்து சாவுறேன், பேரன் பொறக்கவும் வழியில்லன்னு எழுது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நெசமாவே புள்ள நிக்காதாடி?"

"நிக்காதுங்க அத்தே. நூத்துல ஒருத்தருக்குக்கூட அபூர்வமாம்."

கொளஞ்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏழு பிரசவம். உங்க மாமா செருப்புச் சத்தம் கேட்டாலே, தூங்குற மாதிரி கண்ண மூடிக்குவேன்."

ஆதிலட்சுமி தாளை ஒதுக்கி வைத்தாள். பேனாவை மூடினாள்.

"பிராது, அத்தே?"

"கெடக்குது. சாமிக்கு வேற வேல இல்லியா? எந்திரிச்சி வந்து சோத்த வடி."

"இன்னிக்கும் படுதுங்களே..."

"பட்டா படட்டும். கையக் கழுவிட்டு வா."