செவுள் பார்க்காமல் வாங்கிய மீன்

ஒன்பது வயதிலேயே எனக்குச் சந்தேகப் புத்தி. சிரித்துச் சிரித்துப் பேசும் சொந்தக்காரர்கள், கேட்காமலே கிடைக்கிற மிட்டாய், எதையும் நம்பமாட்டேன். அப்படிப்பட்ட என் கண்ணெதிரிலேயே அம்மா ஒரு காலையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கினாள்.

எங்கள் ஊரான உறுவையாற்றில் எங்கள் தெருவுக்கு வீராம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். வாசலில் கூடையை இறக்கியதுமே சண்டை தொடங்கிவிடும். அம்மா ஒவ்வொரு செவுளாகத் தூக்கிப் பார்த்து, “இன்னாக்கா, இது கடல்லேர்ந்து வந்துச்சா, ஐஸ் பொட்டிலேர்ந்து வந்துச்சா?” என்பாள். “மொதல்ல உன் மூக்கக் கழுவிக்கினு வந்து மோந்து பாருடி” என்பார் அவர். அரை மணி நேரம் இப்படிப் போகும். கடைசியில் ஒரு கை நெத்திலியை என் பேரைச் சொல்லிச் சட்டியில் போடுவார். அம்மா ஒரு கை பிடிக்க, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

செவுள் பார்க்காத அந்தக் காலைக்கு முந்தின நாள் அப்பா எங்களை வில்லியனூருக்குச் சினிமா பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். நாற்றமடிக்கிறது என்று ஒரு மீன்காரியை நடுவழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிற கதை. அம்மா இடைவேளையிலும் அழுதாள். “நாமெல்லாம் மனுசங்களா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

அதனால்தான் அன்று காலையில் சட்டியை மட்டும் நீட்டினாள். “நீயே பாத்துப் போடுக்கா.” ஃபேனுக்குக் கீழே நாற்காலி வேறு போட்டிருந்தாள். மீன்காரம்மா நாற்காலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“வூட்ல யாருக்குனா ஒடம்பு செரியில்லியா?”

அவர் உட்காரவில்லை. நெத்திலியும் போடவில்லை.

நான்கு நாள் இப்படியே போனது. சண்டையில்லாத வாசல் எனக்கே பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் மீன்காரம்மா என்னை மடக்கினார். “உங்கம்மாவுக்கு இன்னாடி ஆச்சு? எம்மேல யாருனா எதுனா சொன்னாங்களா?”

சினிமாக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். “அந்தப் பொம்பள உன்ன மாதிரியே இருந்துச்சு. நாத்தம் தாங்காம எறக்கி வுட்டுட்டாங்க. அம்மா உன்ன நெனச்சு ஒரே அழுவ.”

அவர் தன் முந்தானையை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் வயிறு வெடித்த மத்தி மீனாகப் பொறுக்கி அம்மாவின் சட்டியில் போட்டார். உள்ளே நின்ற நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் கண் அம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை. அம்மா சட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான்க்கா இருக்குது” என்றாள்.

“நாறுதுன்னு சொல்ல உனுக்கு வாய் வர்ல, இல்ல?”

மீன்காரம்மா சட்டியைப் பிடுங்கி மீனைத் தெருவோரம் கொட்டினார். அம்மா கை பிடிப்பதற்குள் தானே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதன்பிறகு தெருவில் கூவிக்கொண்டு வரும்போது எங்கள் வாசலில் மட்டும் அவர் குரல் நின்றுவிடும்.

“நல்லதுக்குக் காலமில்ல” என்று அம்மா இரண்டு நாள் புலம்பினாள். எனக்கோ துப்புத் துலங்கிவிட்ட பெருமை. அம்மா ஏமாளி என்று தெரிந்ததும் அந்த மீன்காரி அழுகின மீனைத் தள்ளப் பார்த்திருக்கிறாள், மாட்டிக்கொண்டதும் கோபப்படுகிறாள். வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன். தெருவே அதை நம்பியது. கொஞ்ச நாளில் அவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அவர் அன்று எங்கள் வாசலுக்கு ஒரு திட்டு வாங்கத்தான் வந்தார் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. பாவம் அம்மா, அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

இத்தனைக்கும் அன்று நான் ஒன்றைப் பார்த்தேன். கூடையை அவர் தூக்கும்போது, அதன் மூலையில் ஒரு கை நெத்திலி வாழை இலையில் தனியாக மடித்து வைத்திருந்தது. அது யாருக்காக இருக்கும் என்று சந்தேகப்பட மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை.