குளிருக்கு அடைத்த ஜன்னல்

எங்களுக்குச் சேலத்தை ஒட்டிய மலைமேல் நாகலூர். குளியலறை ஜன்னல் வழியே குளிர்காற்று வருகிறதென்று, ஊரில் சில்லறை மராமத்து வேலைகள் செய்யும் மாணிக்கத்தை அழைத்துப் பலகையால் அடைத்தோம்.

மறுநாள் காலை கேஸ் கீசரைப் போட்டுக் குளிக்கப்போன என் கணவர் வெளியே வரவில்லை. நான் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து மாணிக்கம் ஓடிவந்து கதவை உடைத்தார். கீசர் எரிந்ததில் உண்டான விஷவாயு வெளியேற வழியில்லாமல் மூளையைப் பாதித்துவிட்டது என்றார் சேலத்து டாக்டர்.

"நொம்ப கெட்டியா அடைச்சுப்போட்டனுங்க அக்கா" என்று மாணிக்கம் அழுதார்.

"அடைக்கச் சொன்னது நாங்கதானுங்க" என்றேன்.

உயிர் பிழைத்தவருக்கு என் பெயர் தெரியவில்லை. பலகையைப் பிடுங்கிவிட்டேன், கீசரையும் கழற்றியாயிற்று. இப்போது விறகடுப்பில் வெந்நீர் வைத்து, கதவைத் திறந்துபோட்டுத்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன். கூச்சப்படக்கூட அவருக்குத் தெரியவில்லை.